ஸ்கேல் மாடல் விமானத்துக்கு எந்தப் புரொப்பெல்லர்?

ரேடியோ கட்டுப்பாட்டு விமானம் பறக்கவிடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் மோட்டாரை வாங்கிவிடுகிறார்கள். அதன் பெட்டியில் இன்ன அளவு புரொப்பெல்லர் பொருத்தலாம் என்று அச்சிட்டிருக்கும். அதையே வாங்கி மாட்டிவிடுகிறார்கள். பயிற்சி விமானத்துக்கு இந்த முறை பெரும்பாலும் ஒத்துவரும். நிஜ விமானத்தைச் சுருக்கிச் செய்த ஸ்கேல் மாடலுக்கு ஒத்துவராது. அதன் மூக்கு எவ்வளவு அகலம், சக்கரக் கால் எவ்வளவு உயரம், எந்த வேகத்தில் பறந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும் என்பதையெல்லாம் எண்பது, நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு பொறியாளர் முடிவுசெய்துவிட்டார். அந்த முடிவுகளுக்குள் அடங்கித்தான் நாம் புரொப்பெல்லரைத் தேட முடியும். ஆகவே ஸ்கேல் மாடல் கட்டுபவர் முதலில் விமானத்தைப் பார்க்க வேண்டும், அதற்கேற்ற புரொப்பெல்லரை முடிவுசெய்ய வேண்டும், மோட்டாருக்குக் கடைசியில்தான் பணம் கட்ட வேண்டும் என்பது என் கட்சி. இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது.

அந்த இரண்டு எண்கள்

புரொப்பெல்லரின் மீது 12×6 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். இரண்டுமே அங்குலக் கணக்கு. முதல் எண் விட்டம். சுழலும்போது பிளேடின் முனை வரைகிற வட்டத்தின் குறுக்களவு. இரண்டாவது எண் பிட்ச். மரத்தில் திருகாணி ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று உள்ளே இறங்குவதுபோல, புரொப்பெல்லரும் ஒரு சுற்றில் இவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்ற கணக்கு அது. காற்று மரத்தைப்போலக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாது, வழுக்கிவிடும் என்பதால் நடைமுறையில் முன்னேறும் தூரம் சற்றுக் குறையும். ஆனாலும் கணக்குக்குப் பிட்ச் நல்ல அளவுகோல்.

இந்த இரண்டாம் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைப் பிட்ச்சால் பெருக்கி, அதை 0.001524-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். அங்குலத்தை மீட்டராக்கி, நிமிடத்தை மணியாக்கும் எண்தான் அந்த 0.001524, அதில் வேறு சூட்சுமம் எதுவும் இல்லை. இப்படி வருவதைப் பிட்ச் வேகம் என்பார்கள். நேர்கிடையாகப் பறக்கும் விமானம் ஏறக்குறைய இந்த வேகத்தைத்தான் எட்டும், அதற்கு மேல் பெரிதாகப் போகாது.

கணக்கு சரிதானா என்று நிஜ விமானத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம். பைப்பர் ஜே-3 கப், 1930-களின் இறுதியில் அமெரிக்காவில் வந்த மஞ்சள் நிற இரட்டை இருக்கை விமானம். 65 குதிரைத்திறன் இன்ஜின், அதிகபட்சம் நிமிடத்துக்குச் சுமார் 2,300 சுற்று. அதில் வழக்கமாகப் பொருத்தப்பட்ட மரப் புரொப்பெல்லரின் விட்டம் 72 அங்குலம், பிட்ச் 42 அங்குலத்தை ஒட்டி இருக்கும். 2,300-ஐ 42-ஆல் பெருக்கி 0.001524-ஆல் பெருக்கினால் மணிக்கு 147 கிலோமீட்டர். அந்த விமானத்தின் உச்ச வேகமாகக் குறிப்பிடப்படுவது சுமார் 140. இவ்வளவு எளிய ஒரு பெருக்கல் இவ்வளவு அருகில் வந்து நிற்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

விட்டம் செய்யும் வேலை வேறு. எவ்வளவு காற்றைப் பிடித்துப் பின்னே தள்ளுகிறோம் என்பதை அது தீர்மானிக்கிறது. மோட்டாரின் மீது விழும் சுமையையும் பெரும்பங்கு அதுதான் தீர்மானிக்கிறது. புரொப்பெல்லரைச் சுழற்றத் தேவையான திறன், தோராயமாக விட்டத்தின் நான்காம் அடுக்கு, பிட்ச், சுற்று எண்ணிக்கையின் மூன்றாம் அடுக்கு ஆகிய மூன்றின் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. நான்காம் அடுக்கு என்பதைப் படித்துவிட்டுக் கடந்துபோய்விடக் கூடாது. 10 அங்குலத்தை 11 ஆக்குவது பார்வைக்கு ஓர் அங்குல விஷயம். பிட்ச்சும் சுற்றும் மாறாமல் இருந்தால் சுமை 46 சதவீதம் ஏறிவிடும். பிளேடு கொஞ்சம்தானே நீளம் என்று மாட்டி, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் வேகக் கட்டுப்படுத்தியைக் கருக்கிக்கொள்பவர்கள் எல்லா மைதானங்களிலும் உண்டு.

மாடல் விமானக்காரர்களிடையே ஒரு பழைய வாய்ப்பாடு இருக்கிறது: விட்டத்தை ஓர் அங்குலம் குறைத்தால் பிட்ச்சை ஓர் அங்குலம் கூட்டலாம், சுமை மாறாது என்பார்கள். இந்த நான்காம் அடுக்கை வைத்துச் சோதித்தால் அது அரைகுறை வாய்ப்பாடு என்பது தெரியும். 12×6-க்குக் கணக்கிட்டால் 1,24,416 வருகிறது. 11×7-க்கு 1,02,487, இது சுமையைக் கணிசமாகக் குறைத்துவிடுகிறது. 11×8-க்கு 1,17,128, 13×4-க்கு 1,14,244. இவை இரண்டும்தான் 12×6-க்கு நெருங்கிய உறவு. பிட்ச் விட்டத்தில் பாதியளவு இருக்கும் புரொப்பெல்லர்களில், ஓர் அங்குல விட்டத்துக்கு ஈடு இரண்டு அங்குலப் பிட்ச் என்று வைத்துக்கொள்வதே உண்மைக்குப் பக்கம்.

பெரிதாகவும் மெதுவாகவும்

ஒரே உந்துவிசையை இரண்டு வழிகளில் பெறலாம். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளலாம். கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளலாம். முதல் வழியில் திறன் மிச்சமாகும். காரணம், தள்ளப்படும் காற்றின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடுகிறது, உந்துவிசையோ வேகத்துக்கு நேர் விகிதத்தில் மட்டுமே கூடுகிறது. ஆக, பின்னே விரையும் காற்றில் நாம் விட்டுவிடும் ஆற்றல் அத்தனையும் பேட்டரியிலிருந்து போனதுதான்.

பெரும்பாலான ஸ்கேல் மாடல்களுக்கு இது இன்னும் முக்கியம். முதல் உலகப் போர்க்கால இரட்டை இறக்கை விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாங்குகோல்கள், குறுக்குக் கம்பிகள், மூடப்படாத சக்கரங்கள், தட்டையான மூக்கு என்று காற்றுத் தடைக்கு ஒரு குறையும் இல்லை. அதில் 10×10 போன்ற அதிகப் பிட்ச் புரொப்பெல்லரை மாட்டினாலும் அந்த வேகத்துக்கு விமானம் போகவே போகாது. மோட்டார் மட்டும் சூடேறும். இத்தகைய விமானத்துக்குப் பிட்ச், விட்டத்தில் பாதி அல்லது அதற்கும் குறைவாக இருப்பது நல்லது. வழவழப்பான உடலும் உள்ளே மடங்கும் சக்கரமும் கொண்ட இரண்டாம் உலகப் போர்ப் போர்விமானத்துக்கு அதே விகிதம் 0.6, 0.7 வரை போகலாம். விட்டமும் பிட்ச்சும் சமமாக இருப்பதெல்லாம் பந்தய விமானங்களின் உலகம், நமக்கு வேண்டாம்.

எந்த வேகம் வேண்டும்?

பிட்ச்சை முடிவுசெய்ய, விமானம் எந்த வேகத்தில் பறக்கப்போகிறது என்று தெரிய வேண்டும். நிஜ வேகத்தை அளவு விகிதத்தால் வகுத்தால் போதாதா என்று தோன்றும். கப் விமானத்தை ஆறில் ஒரு பங்கு அளவில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். நிஜ விமானம் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டரில் சாவகாசமாகப் பறக்கும். ஆறால் வகுத்தால் 20. அந்த வேகத்தில் நம் மாடல் காற்றில் நிற்கவே நிற்காது. சுருக்கப்பட்ட விமானத்தின் அசைவு நிஜ விமானத்தின் அசைவைப்போலக் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். ஆறின் வர்க்கமூலம் ஏறக்குறைய 2.45, 120-ஐ அதனால் வகுத்தால் 49. மாடல் கப் மணிக்கு 50 கிலோமீட்டரை ஒட்டிப் பறந்தால் நிஜ கப் போலவே தெரியும்.

கீழ் எல்லையையும் பார்த்துவிட வேண்டும். ஒரு விமானம் எந்த வேகத்துக்குக் கீழே போனால் தூக்குவிசையை இழந்து விழத் தொடங்குகிறதோ அது ஸ்டால் வேகம். எடையைக் கிலோவிலும் இறக்கைப் பரப்பைச் சதுர மீட்டரிலும் எடுத்து, எடையைப் பரப்பால் வகுத்து, வந்ததன் வர்க்கமூலத்தை 13-ஆல் பெருக்குங்கள். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு தோராயம் கிடைக்கும். நிஜ கப் விமானத்தின் இறக்கைப் பரப்பு சுமார் 16.6 சதுர மீட்டர். ஆறில் ஒரு பங்கு மாடலில் அது 36-ஆல் வகுபட்டு 0.46 ஆகிறது. முனைக்கு முனை 1.79 மீட்டர் உள்ள அந்த மாடல் 2.5 கிலோ எடையில் முடிந்தால், 2.5-ஐ 0.46-ஆல் வகுக்க 5.4, அதன் வர்க்கமூலம் 2.33, பதின்மூன்றால் பெருக்க 30. ஸ்டால் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர்.

பிட்ச் வேகம் ஸ்டால் வேகத்தைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு இருக்கட்டும் என்பது பொதுவாகக் கைகொடுக்கும் விதி. கப் போன்ற சாதுவான விமானத்துக்கு இரண்டரையே தாராளம். அதாவது 75 கிலோமீட்டர். 12×6 புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுழன்றால் பிட்ச் வேகம் 73. பொருந்திவிட்டது. நிஜ புரொப்பெல்லரின் 72 அங்குலத்தை ஆறால் வகுத்தாலும் 12-தான், 42-ஐ ஆறால் வகுத்தால் 7. ஆகக் கடையில் 12×6 அல்லது 12×7 வாங்கிப் பொருத்தினால், விட்டத்தில் அது அசல் ஸ்கேல் புரொப்பெல்லராகவே இருக்கும். எல்லா விமானங்களும் இப்படிக் கைக்கு அடக்கமாக அமைவதில்லை. முதல் ஸ்கேல் மாடலாகக் கப் விமானத்தைப் பலர் பரிந்துரைப்பதற்கு அதன் நிதானம்தான் காரணம் என்பார்கள். இந்தப் பொருத்தத்தையும் நான் சேர்த்துச் சொல்வேன்.

எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது இரண்டாம் உலகப் போர்ப் போர்விமானமான பி-51 மஸ்டாங். இறக்கை 11.28 மீட்டர், நான்கு பிளேடு புரொப்பெல்லரின் விட்டம் சுமார் 3.4 மீட்டர். ஆறில் ஒரு பங்கில் 22 அங்குலம் சொச்சம். கப் விமானத்தில் புரொப்பெல்லர் இறக்கை நீளத்தில் ஆறில் ஒரு பங்கு. மஸ்டாங்கில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. நிஜ மஸ்டாங்கின் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும்போது புரொப்பெல்லர் அதில் பாதிக்கும் குறைவாக, ஏறத்தாழ 1,440 சுற்றுதான் சுழலும். இடையில் பல்சக்கரம் இருக்கிறது, பறக்கும்போதே பிட்ச் மாறும் ஏற்பாடும் இருக்கிறது. இரண்டும் இல்லாத மாடலில், அந்த அளவுக்கு வழக்கமாகப் பொருத்தும் பெட்ரோல் இன்ஜினுக்கு 16 முதல் 18 அங்குலம்தான் தாங்கும். 18-ஐ 22 ஆக்கினால் சுமை அதே சுற்றில் இரண்டேகால் மடங்கு. பிளேடுகளையும் இரண்டிலிருந்து நான்காக்கினால் கேட்கவே வேண்டாம்.

தரையும் மூக்கும்

வேகக் கணக்கு சொன்ன விட்டத்துக்கு விமானத்தில் இடம் இருக்க வேண்டுமே. வால் சக்கரம் உள்ள விமானம் தரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்போது இடைவெளி நிறைய இருப்பதுபோல் தோன்றும். ஓடத் தொடங்கியதும் வால் மேலெழுந்து உடல் கிடைமட்டமாகிவிடும். ஆகவே வாலைத் தூக்கி உடலைக் கிடைமட்டமாக வைத்து, மோட்டார் அச்சின் மையத்திலிருந்து தரைவரை அளக்க வேண்டும். அந்த அளவு 8 அங்குலம் என்றால், சீரான தார்த் தளத்தில் 14 அங்குல விட்டம் பரவாயில்லை. புல்தரையில் 13-ஐத் தாண்டுவது வம்பு. சக்கரக் காலின் கம்பி இறங்கும்போது அமுங்கும் என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

நிஜ விமானம் வடிவமைத்தவர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. எஃப்4யு கோர்சேர் விமானத்தின் இறக்கை ஏன் தரையை நோக்கி வளைந்து பிறகு மேலேறுகிறது? அதன் புரொப்பெல்லர் நான்கு மீட்டர் விட்டம். அதைத் தரைக்கு மேலே தூக்கிப் பிடிக்க நெடுங்கால் சக்கரம் வேண்டும். விமானந்தாங்கிக் கப்பலில் மோதி இறங்கும்போது நெடுங்கால் தாங்காது. இறக்கையையே கீழே வளைத்து, அந்தத் தாழ்ந்த முழங்கையில் குட்டையான, உறுதியான காலை வைத்தார்கள். கோர்சேர் மாடல் கட்டுபவருக்கு அந்தப் பொறியாளர்களின் உழைப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அந்த விமானத்தில் பெரிய புரொப்பெல்லருக்கு எப்போதும் இடமுண்டு.

மூக்கைப் பற்றி ஆரம்பக்காரர்கள் யோசிப்பதே இல்லை. சாப்வித் கேமல் போன்ற விமானங்களில், வட்டமாக அடுக்கப்பட்ட சிலிண்டர்களைச் சுற்றி அகன்ற உலோக உறை ஒன்று இருக்கும். அந்த வட்டத்துக்கு நேர்முன்னே சுழலும் பிளேடுப் பகுதி தள்ளும் காற்று, உறையின் முகத்தில் மோதிச் சிதறுகிறது. பயனுள்ள வேலையை உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் செய்கிறது. மாடலின் உறை 10 அங்குல அகலம், புரொப்பெல்லர் 14 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 14 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 154 சதுர அங்குலம், உறை மறைப்பது 79, மிச்சம் 75. பாதிக்கும் மேலாக மறைந்தே போகிறது. அதை 16 அங்குலமாக்கினால் மொத்தம் 201, மிச்சம் 122. இரண்டே அங்குலத்தில் திறந்த பரப்பு அறுபது சதவீதத்துக்கும் மேல் கூடிவிட்டது. பிளேடின் உட்பகுதி எப்படியும் குறைவாகத்தான் வேலை செய்யும் என்பதால் நிஜ நஷ்டம் இந்த எண்கள் காட்டும் அளவு மோசமில்லை. ஆனாலும் அகன்ற மூக்கு விமானத்தில் சின்ன புரொப்பெல்லரை வேகமாகச் சுழற்றி ஈடுகட்டிவிடலாம் என்று நினைப்பது வீண் முயற்சி. இரைச்சல் வரும், இழுப்பு வராது.

மூன்று பிளேடு, நான்கு பிளேடு

பிளேடுகள் கூடினால் அதே விட்டத்தில் சுமை கூடும். இரண்டு பிளேடில் 11×7 சரியாக இருந்த மோட்டாருக்கு, மூன்று பிளேடில் 10×7 மாட்டுவது வழக்கம்; நான்கு பிளேடுக்கு மேலும் ஓர் அங்குலம் குறைப்பார்கள். செயல்திறனில் சிறிது இழப்பு உண்டு. ஆனால் விட்டம் குறைவதால் தரை இடைவெளி கிடைக்கிறது, முனை வேகம் குறைந்து இரைச்சலும் தணிகிறது. மூன்று பிளேடு விமானத்தில் இரண்டு பிளேடு சுழன்றாலும் பறக்கும்போது யாருக்கும் தெரியாது என்பதும் உண்மை. அழகுக்காகப் பிளேடு எண்ணிக்கையைக் கூட்டிப் பறப்பைக் கெடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. தரை இடைவெளிக்காகக் கூட்டுவதை ஒப்புக்கொள்வேன்.

அழகுக்கு வேறு வழி இருக்கிறது. பல ஸ்கேல் மாடல்காரர்கள் இரண்டு புரொப்பெல்லர் வைத்திருக்கிறார்கள். ஒன்று, அசல் விட்டத்தில், அசல் பிளேடு வடிவத்தில், மஞ்சள் முனை தீட்டி, கண்காட்சிக்கு. இன்னொன்று பறப்பதற்கு. சர்வதேச வானூர்திச் சம்மேளனத்தின் ஸ்கேல் போட்டி விதிகளும், தரையில் மதிப்பிடும்போது இருந்த புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு வேறு புரொப்பெல்லருடன் பறக்க இடம் தருகின்றன. காட்சிப் புரொப்பெல்லரை மாட்டி வைத்திருக்கும்போது பேட்டரியை இணைக்கவே கூடாது. அது சுழல்வதற்குச் செய்யப்பட்டது அல்ல.

இனி மோட்டார்

மின் மோட்டாரின் மீது 700, 1000 என்று ஓர் எண்ணும் கே.வி. என்ற குறியும் இருக்கும். சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது அது. கிலோவோல்ட் என்று படித்துவிட வேண்டாம். புரொப்பெல்லர் மாட்டியதும் சுற்று குறையும். முக்கால் பங்கு கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். கப் மாடலுக்கு 8,000 சுற்று வேண்டும். நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, ஒரு செல்லுக்கு 3.7 வீதம் 14.8 வோல்ட். 8,000-ஐ முக்காலால் வகுத்து, பிறகு 14.8-ஆல் வகுத்தால் 720. ஆக 700 கே.வி.யை ஒட்டிய மோட்டார். மூன்று செல் பேட்டரிதான் கையில் இருக்கிறதென்றால் 950-ஐ ஒட்டியது.

எவ்வளவு திறன் வேண்டும்? கிலோவுக்கு 110 முதல் 150 வாட் இருந்தால் கப் போன்ற விமானம் தாராளமாகப் பறக்கும். போர்விமான மாடலுக்கு 200 வாட் அளவு எதிர்பார்க்கலாம். 2.5 கிலோவுக்கு 150 வீதம் 375 வாட். 14.8 வோல்ட்டில் அது 25 ஆம்பியர். 40 ஆம்பியர் வேகக் கட்டுப்படுத்தி போட்டால் நிம்மதி. பெரிய, மெதுவான புரொப்பெல்லர் வேண்டுமென்றால் கே.வி. குறைந்த மோட்டாரும் செல் கூடிய பேட்டரியும் என்பதே சூத்திரம். மஸ்டாங் மாடலில் அசலை நெருங்கிய புரொப்பெல்லரைச் சுழற்ற விரும்புபவர்கள் மின் மோட்டாருக்கு மாறுவதும் இதற்காகத்தான்.

இத்தனை கணக்கும் தோராயம். தீர்ப்பு வழங்குவது வாட் மீட்டர். பேட்டரிக்கும் வேகக் கட்டுப்படுத்திக்கும் இடையில் இணைக்கும் இந்தச் சிறு கருவியை வாங்காமல் ஸ்கேல் மாடலுக்குள் இறங்க வேண்டாம். விமானத்தைக் கெட்டியாகக் கட்டிவைத்து, முழு விசையில் சில விநாடிகள் ஓட்டிப் பாருங்கள். மோட்டார், வேகக் கட்டுப்படுத்தி, பேட்டரி ஆகிய மூன்றில் எதன் எல்லை குறைவோ, அதைவிட மின்னோட்டம் நன்றாகத் தாழ்ந்திருக்க வேண்டும். விமானம் பறக்கத் தொடங்கியதும் காற்று எதிரே ஓடிவருவதால் சுமை சற்றுக் குறையும். பிட்ச் அதிகமான புரொப்பெல்லர்களில் மட்டும் தரையில் எடுத்த அளவு ஏமாற்றும். நின்ற நிலையில் பிளேடுகளே ஸ்டாலாகி வெறுமனே காற்றைக் கலக்கிக்கொண்டிருக்கும்.

எரிபொருள் இன்ஜினில் மீட்டருக்குப் பதில் சுற்றுமானி. இங்கே தொடங்கும் இடங்கள் ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டவை: 6.5 சி.சி. இருவீச்சு இன்ஜினுக்கு 10×6, 10 சி.சி.க்கு 11×7 அல்லது 12×6, 15 சி.சி. நால்வீச்சு இன்ஜினுக்கு 14×6, 20 சி.சி. பெட்ரோல் இன்ஜினுக்கு 16×8, 50 சி.சி.க்கு 22×8. நால்வீச்சு இன்ஜின் பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுழற்றும் என்பதாலும், அதன் ஒலி நிஜ விமானத்தை நினைவூட்டும் என்பதாலும் ஸ்கேல் மாடல்காரர்களுக்கு அதன்மீது தனிப் பிரியம். புரொப்பெல்லர் மிகச் சிறியதானால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழன்று தேயும். மிகப் பெரியதானால் திணறிச் சூடேறும்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

மின் மோட்டாருக்கான புரொப்பெல்லர் மெல்லியது, ஏ.பி.சி. நிறுவனத்தின் புரொப்பெல்லர்களில் எண்களுக்குப் பிறகு ஆங்கில 'இ' எழுத்து இருந்தால் அது மின் மோட்டாருக்கானது. அதை எரிபொருள் இன்ஜினில் மாட்டக் கூடாது. ஒவ்வொரு வெடிப்பும் தரும் அதிர்ச்சியை அதன் மெல்லிய மையம் தாங்காது. மெதுவான விமானங்களுக்கென்று விற்கும் 'ஸ்லோ ஃப்ளையர்' வகை இன்னும் மெல்லியது. அதே நிறுவனம் தரும் வரம்பு, 65,000-ஐ விட்டத்தால் வகுத்து வரும் சுற்று. 10 அங்குல ஸ்லோ ஃப்ளையருக்கு 6,500 சுற்றுதான் எல்லை. எரிபொருள் இன்ஜினுக்கான அவர்களுடைய வகைக்கு அதே 10 அங்குலத்தில் 19,000 வரை. இரண்டும் கடையில் அருகருகே தொங்கும், விலையும் பெரிதாக மாறாது. வேகமான மோட்டாரில் ஸ்லோ ஃப்ளையரை மாட்டினால் பிளேடு பிய்த்துக்கொண்டு பறக்கும்.

மரப் புரொப்பெல்லர் கனம் குறைவு, விறைப்பானது, பழைய விமானங்களுக்குப் பார்க்கப் பொருத்தம். தரையில் இடித்தால் தான் உடைந்து மோட்டாரின் அச்சைக் காப்பாற்றிவிடும். எனக்கு முதல் தேர்வு அதுதான்.

எழுத்து அச்சிட்ட பக்கம் விமானம் போகும் திசையை, அதாவது முன்பக்கத்தை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் புரொப்பெல்லர் அதே திசையில்தான் காற்றைத் தள்ளும். வலு மட்டும் வெகுவாகக் குறைந்திருக்கும். அதனால்தான் இந்தத் தவறு எளிதில் கண்ணில் படுவதில்லை. புது விமானம் காரணமே இல்லாமல் மந்தமாக இருந்தால் முதலில் எழுத்து எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

மாட்டுவதற்கு முன் சமநிலை பார்க்க வேண்டும். புரொப்பெல்லரை மெல்லிய அச்சில் கோத்துக் கிடைமட்டமாக விட்டால், கனமான பிளேடு கீழே இறங்கும். அந்தப் பிளேடின் பின்பக்கத்தை நயமான உப்புத்தாளால் தேய்க்கலாம், அல்லது மரப் புரொப்பெல்லரானால் எதிர்ப் பிளேடில் ஒரு பூச்சு வார்னிஷ் கொடுக்கலாம். எந்த நிலையில் விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். சமநிலை இல்லாத புரொப்பெல்லரின் அதிர்வு திருகுகளைத் தளர்த்தும், ஒட்டிய இடங்களை விடுவிக்கும். முனையில் கீறலோ பிளவோ விழுந்ததை ஒட்டிப் பயன்படுத்த நினைக்க வேண்டாம். 12 அங்குலப் புரொப்பெல்லர் 8,000 சுற்றில் சுழலும்போது அதன் முனை மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. சோதிக்கும்போது அது சுழலும் தளத்துக்கு நேரே, பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. மின் மோட்டார் விரல் பட்டால் நின்றுவிடாது; இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு சுழலப் பார்க்கும். வீட்டில் வேலை செய்யும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டே பேட்டரியை இணையுங்கள்.

மைதானத்தில்

முதல் பறப்புக்கு ஒரே ஒரு புரொப்பெல்லருடன் போகக் கூடாது. கப் மாடலுக்கு 12×6-ஐ மாட்டிக்கொண்டு, பையில் 13×4, 11×8 இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றின் சுமையும் ஏறக்குறைய ஒன்று என்று மேலே பார்த்தோம். மின்னோட்டம் எல்லை மீறும் என்ற பயமில்லாமல் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். 13×4 மாட்டினால் சட்டென்று மேலெழும், மெதுவாகப் பறக்கும், இறங்கும்போது விசையைக் குறைத்ததும் நன்றாக வேகம் தணியும். ஆனால் அதன் பிட்ச் வேகம் 8,000 சுற்றில் 49 கிலோமீட்டர்தான் என்பதால் எதிர்க்காற்றில் முன்னேறத் தவிக்கும். 11×8 நேர்மாறு: ஓட்டம் நீளும், ஏறுவது மந்தம், மேலே போனபின் வேகம்.

விமானம் நன்றாக ஏறுகிறது, நேராகப் பறக்கும்போது மட்டும் வேகம் போதவில்லை என்றால் பிட்ச்சைக் கூட்டுங்கள். வேகம் இருக்கிறது, ஏறும்போது திணறுகிறது என்றால் விட்டத்தைக் கூட்டிப் பிட்ச்சைக் குறையுங்கள். இரண்டுமே போதவில்லை என்றால் திறன் பற்றாக்குறை. அதற்கு மேல் புரொப்பெல்லரால் ஆகக்கூடியது இல்லை. விட்டத்தைக் கூட்டியபின் ஓடுதளத்தில் விமானம் முன்னைவிட அதிகமாக இடப்பக்கம் இழுத்தால் கவலை வேண்டாம். பெரிய புரொப்பெல்லரின் முறுக்குவிசையும் சுழன்று வரும் காற்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. விசையை மெதுவாகக் கூட்டி, வலப்பக்கச் சுக்கான் கொடுத்துப் பழகினால் சரியாகிவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இறங்கியதும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்தப் புரொப்பெல்லர் பறக்கும் விதம் எவ்வளவு பிடித்திருந்தாலும் கழற்றிவிடுங்கள்.